கோவிந்தா சொல்ல மூச்சு மிச்சம்

சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் அரை மாரத்தான் தூரம் முடிந்து கொஞ்சம் மிச்சமும் இருக்கும். சரியான கணக்கு 21.0975 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டர்தான் பிற்பாடு மாரத்தானின் நிரந்தர அளவு ஆனது. அதைப் பாதியாக வெட்டியதால் புள்ளிக்குப் பின்னால் இத்தனை இலக்கங்கள். காணிப்பாக்கம் சத்தியத்துக்குப் பேர்போன கோயில். குடியை விட்டுவிடுகிறேன் என்று அங்கே சத்தியம் செய்தவர்கள் உண்டு. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறேன் என்று பிள்ளையாரைச் சாட்சிக்கு இழுக்கும் துணிச்சல் இன்னும் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

நெடுந்தூர ஓட்டம் பெருநகரங்களின் பொழுதுபோக்காகத்தான் தொடங்கியது. மும்பை மாரத்தான் 2004-இலும் டெல்லி அரை மாரத்தான் 2005-இலும் ஆரம்பமாயின. பிறகு இந்த ஆசை மெல்ல மெல்ல மாவட்டத் தலைநகரங்களுக்கும் இறங்கி வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 4 வரை ஒரே மாவட்டமாக இருந்து இப்போது இரண்டாகிவிட்ட சித்தூரிலும் திருப்பதியிலும், வெளிச்சம் வருவதற்கு முன்பே சாலையோரம் மூச்சிரைக்க வருபவர்களைப் பார்க்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களும் அவர்களில் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார். நடந்து சலித்து ஓட ஆரம்பித்திருப்பார்கள். ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் பத்து, பத்து ஓடியதும் 'அரை' என்று ஆசை வளரும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ப் பதக்கத்தோடு திரும்புவார்கள். ஓடி முடித்த எல்லோருக்கும் பதக்கம் உண்டு என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அதே சாலையில் இன்னொரு கூட்டமும் போகிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொன்ன வேங்கடத்துக்கு, புரட்டாசி பிறந்ததும் மஞ்சள் உடுத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து நடப்பவர்கள். வேலூரிலிருந்து சித்தூர் சுமார் 35 கி.மீ., சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70. மொத்தம் 105. ஐந்து நாளில் நடந்தால் நாளுக்கு 21. அதாவது தினம் ஓர் அரை மாரத்தான் வீதம் ஐந்து நாள். அதற்குப் பிறகு மலையேற்றம். பயிற்சி அட்டவணை, பந்தய உணவு என்றெல்லாம் இவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நடப்பதும் ஓடுவதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் தூரம் உடம்பைக் கேட்கும் கேள்விகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஓட்டக்காரர்கள் பயிற்சியாளருக்குப் பணம் கொடுத்துக் கற்கும் பாடங்களில் சில, திருமலைப் பாதையில் வெகுகாலமாகவே கிடக்கின்றன. பாதயாத்திரைக்காரர்கள் ஓட்டக்காரர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டிய பாடமும் ஒன்று இருக்கிறது. அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

அரை மாரத்தான் ஒலிம்பிக்கில் இல்லாத பந்தயம். அதற்கென்று உலகச் சாம்பியன் போட்டியே 1992-இல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில்தான் முதலில் நடந்தது. இருந்தும் சாதாரண மனிதர்கள் பலர் முழு மாரத்தானைவிட இதையே விரும்புவதற்கு உடலியலில் நியாயம் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அரை மாரத்தானில் சுமார் 1,270 கலோரி. முழு மாரத்தானில் 2,530. தசைகளிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் உடம்பு சேர்த்துவைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிக்குத்தான் வரும். முழு மாரத்தானில் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் பலர் திடீரென்று துவண்டுபோவதற்கு இந்த இருப்பு வற்றிவிடுவது முக்கியக் காரணம். முந்தின இரவு வயிறாரச் சாப்பிட்டவருக்கு அரை மாரத்தானில் அந்தக் கஷ்டம் வரக் கூடாது. இருப்பு தீர்வதற்குள் தூரம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் 15-ஆவது கிலோமீட்டரில் ஏன் இத்தனை பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்?

விடை முதல் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற கணக்கில் ஓடினால் அரை மாரத்தான் 2 மணி 28 நிமிடத்தில் முடியும். ஆனால் புறப்படும் இடத்தில் ஒலிபெருக்கி அலறுகிறது. முன்னும் பின்னும் கூட்டம். காலும் புதிதாக இருக்கிறது. கடிகாரம் ஆறரை நிமிடம் காட்டுகிறது. உடம்போ சிரமமே இல்லை என்கிறது. இப்படி ஐந்து கிலோமீட்டர் போனால் லாபம் இரண்டரை நிமிடம். வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் உடம்பு கொழுப்பைக் குறைவாகவும் மாவுச்சத்தை அதிகமாகவும் எரிக்கும். வெப்பமும் வெளியேறுவதைவிட வேகமாகச் சேரும். பலன் உடனே தெரியாது. கடைசி ஆறு கிலோமீட்டரில் கால் கனத்து, கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம் வீதம் பின்தங்கினால் நஷ்டம் ஒன்பது நிமிடம். கந்துவட்டிக்காரர்களும் கேட்கக் கூசும் வட்டி இது.

2020 டெல்லி அரை மாரத்தானை அவினாஷ் சாப்ளே 60 நிமிடம் 30 விநாடியில் ஓடினார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடி. நன்றாக ஓடக்கூடிய கல்லூரி மாணவன் அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடி முடித்தாலே பெரிது. சாப்ளே அதையே 21 தடவை அடுக்கினார். அது அவருடைய முழு வேகமல்ல, அவர் அடக்கி வைத்துக்கொண்ட வேகம் என்பதுதான் பார்க்கிறவர்களுக்குப் புரிவதில்லை.

திருமலை மலைச்சாலையில் வாகனங்களுக்கு ஒரு விதி உண்டு. ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அபராதம். சீக்கிரம் வந்ததற்காகத் தண்டனை கிடைக்கும் சாலைகள் நாட்டில் அதிகம் இருக்காது. அரை மாரத்தான் நடத்துபவர்கள் முதல் ஐந்து கிலோமீட்டருக்கு இப்படி ஒரு விதி கொண்டுவரலாம்.

வாகனத்துக்குச் சாலை சொல்வதை நடப்பவர்களுக்குப் படிகள் சொல்கின்றன. அலிபிரியிலிருந்து ஏறும் பாதையில் 3,550 படிகள். தூரம் ஏறக்குறைய 9 கி.மீ. சந்திரகிரிப் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படிகள். தூரம் குறைவு, ஏற்றம் கடுமை. திருமலை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து காலால் ஏற வேண்டியது கிட்டத்தட்ட 650 மீட்டர். 60 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் நானூறு கலோரி வரை ஆகும். பாதையின் நீளத்துக்கான நடையையும் சேர்த்தால், ஓர் அரை மாரத்தானுக்கு ஆவதில் பாதிச் செலவு. ஓடத் தெரியாதவர்கள், ஓடும் எண்ணமே இல்லாதவர்கள், வெறுங்காலோடு இதைச் செய்துவிட்டு மேலே போய் வரிசையில் நிற்கிறார்கள்.

அலிபிரிப் பாதையின் அமைப்புதான் கவனிக்க வேண்டியது. முதல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் காளி கோபுரம் வரை ஒரே மூச்சில் ஏறுகின்றன. அதற்கு மேல் பாதை சற்று இளகி, மான் பூங்காவை ஒட்டியும் சாலையோரமாகவும் போகிறது. இனி ஏற்றமே இல்லை என்று நினைக்கத் தொடங்கும்போது மோகாள்ள மிட்டா எதிரே நிற்கிறது. தெலுங்கில் மோகாலு என்றால் முழங்கால். ஊரார் பெயர் வைத்த விதத்திலேயே விஷயம் இருக்கிறது. ஆரம்பத்தில் கடினம், நடுவில் சுலபம், முடியப்போகும் நேரத்தில் மறுபடி கடினம். பந்தயப் பாதை அமைப்பவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்தால் ஓட்டக்காரர்கள் சபிப்பார்கள்.

இளைஞர்கள் முதல் ஐந்நூறு படிகளை இரண்டிரண்டாகத் தாவுகிறார்கள். காளி கோபுரத்தில் அவர்களைக் கடைவாசலிலும் திண்ணையிலும் கால் நீட்டிய நிலையில் பார்க்கலாம். படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வரும் பெண்கள் வெகு நேரம் கழித்துத்தான் அங்கே வருகிறார்கள். வந்தவர்கள் உட்காருவதில்லை. ஒவ்வொரு படியிலும் குனிந்து நிமிர்வது இடுப்புக்குக் கடும் வேலைதான். ஆனால் அதனாலேயே அவர்களுடைய கால்களுக்குப் படிதோறும் ஒரு சின்ன ஓய்வு கிடைத்துவிடுகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, சாதாரண மனிதர்களுக்கு ஒரு முறையைப் பரப்பினார்: சில நிமிடம் ஓடு, களைப்பு வருவதற்கு முன்பே சிறிது நட, மறுபடி ஓடு. களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன் நடப்பது என்பதில்தான் அதன் சூட்சுமம். இந்த முறையில் ஓடிப் பழகியவர்கள் பலர், நிற்காமல் ஓடியதைவிட முன்னதாகவே எல்லையைத் தொடுகிறார்கள். படி பூஜை செய்யும் பெண்களுக்கு காலோவேயின் பெயர் தெரியாது. அதனால் குறை ஒன்றுமில்லை.

வேகம் சரியா என்று அறிய ஓட்டக்காரர்கள் மார்பில் பட்டை கட்டி இதயத் துடிப்பை எண்ணுகிறார்கள். மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளும் இன்னொரு சோதனைக்குச் செலவே கிடையாது. ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் பாதுகாப்பானது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது என்றால் அதிகம். திருமலைப் படிகளில் இந்தச் சோதனை இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கிறது. முன்னே போகும் ஒருவர் 'ஏழுமலைவாசா' என்று குரல் எழுப்ப, பின்னால் வருபவர்கள் 'கோவிந்தா' என்கிறார்கள். குரல் எழுப்ப முடிந்தவரின் நடை சரியாக இருக்கிறது. நாலு முறை கோஷம் வந்தும் வாய் திறக்க முடியாதவர் நின்றுவிட வேண்டும். பேச்சுத் தமிழில் கோவிந்தா என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. அது யாருக்கும் நேராமல் இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரு கூட்டமும் ஒரே தவறைச் செய்கின்றன. சித்தூர்ச் சீமை வெயில் பிரசித்தம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். புரட்டாசியில் வெயிலோடு புழுக்கமும் சேரும். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. போனதை ஈடுகட்ட வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்று ஆரம்பிக்கும்; முற்றினால் மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அந்த ஆண்டு அங்கே ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதிகம் அகப்பட்டவர்கள், ஓட்டத்தின்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள். வேகமாக ஓடுபவருக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாகப் போகிறவருக்கோ வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். தாகம் எடுத்தால் குடி, தாகத்துக்கு மேல் குடிக்காதே என்பதுதான் இப்போதைய அறிவுரை. உப்புப் போட்ட நீர்மோரை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு ஒரு பதக்கம் தரலாம்.

சாப்பாட்டில் பெரிய மர்மம் இல்லை. பந்தயத்தன்று புதிதாக எதையும் தின்னக் கூடாது. ராகி சங்கட்டி தின்று வளர்ந்தவர், யாரோ சொன்னார்கள் என்று முந்தின இரவு பாஸ்தாவைத் தேடி ஓட்டல் ஓட்டலாக அலைய வேண்டாம்.

செருப்பைப் பற்றிய தகராறுதான் ஓயாதது. அபேபே பிகிலா 1960-இல் ரோமில் வெறுங்காலோடு ஓடி ஒலிம்பிக் மாரத்தானை வென்றார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நாலு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே ஓடி மறுபடியும் வென்றார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நம்மூர் சிவ்நாத் சிங்கும் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11-ஆவது இடம்; 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவில் யாராலும் அந்த நேரத்தை அசைக்க முடியவில்லை. இவர்கள் எல்லாம் சிறுவயது முதல் வெறுங்காலில் நடந்து காய்த்த பாதங்களைக் கொண்டவர்கள். வருஷம் முழுதும் ஷூவுக்குள் இருக்கும் பாதத்தை ஒரே நாளில் 3,550 கருங்கல் படிகளில் இறக்கிவிடுவது அதற்குச் செய்யும் அநியாயம். அலிபிரிப் பாதையின் கூரை 2021-இல் புதுப்பிக்கப்பட்டதால் வெயில் சூடு குறைந்திருக்கிறது. பாதம் பழகாத குறை அப்படியே இருக்கிறது. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்து வீட்டு மொட்டைமாடியிலாவது வெறுங்காலோடு நடந்து பார்ப்பது நல்லது.

பெண்களுக்கு இந்தத் தூரம் ஆகாது என்று உலகம் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தது. 1980 ஒலிம்பிக் வரை பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் 1,500 மீட்டர்தான். பெண்கள் மாரத்தான் 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் நுழைந்தது. 2017 டெல்லி அரை மாரத்தானில் இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தவர் புதுக்கோட்டையின் எல். சூர்யா, நேரம் 1 மணி 10 நிமிடம் 31 விநாடி. இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் ஏறி வந்த படிகளை எந்த ஒலிம்பிக் கமிட்டியும் போய்ப் பார்க்கவில்லை போலும்.

இனி இதயம். நெடுந்தூர ஓட்டத்தில் யாராவது சுருண்டு விழுந்தால் பத்திரிகைகளில் பெரிய செய்தியாகிறது. உண்மையில் ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான்களிலும் அரை மாரத்தான்களிலும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்த ஆய்வு 2012-இல் வெளியானது. இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. அதில் 42 பேர் இறந்தார்கள். 59-இல் 51 பேர் ஆண்கள். முழு மாரத்தானைவிட அரை மாரத்தானில் ஆபத்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பிழைத்தவர்களுக்குப் பெரும்பாலும், பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்திருந்தார்.

இந்தக் கணக்கு ஆறுதலானது. ஆனால் அதை அப்படியே மலைப்பாதைக்குக் கொண்டுவர முடியாது. பந்தயத்துக்கு வருபவர் மாதக்கணக்கில் ஓடிப் பழகியிருப்பார். நெஞ்சில் கோளாறு இருந்தால் பயிற்சியிலேயே கொஞ்சமாவது காட்டிக்கொடுக்கும். மலைக்கு வருபவரோ போன வருஷம் படியேறியதற்குப் பிறகு மாடிப்படிகூட ஏறியிருக்க மாட்டார். 2024-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானமே ஒரு வேண்டுகோள் விடுத்தது. 60 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்கள் நடந்து ஏறுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை பேர் காதில் போட்டுக்கொண்டார்கள்?

போட்டுக்கொள்ளாததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல, வேண்டுதல். பையனுக்கு வேலை கிடைத்தால், மருமகளுக்குக் குழந்தை பிறந்தால், ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாயிற்று. பிழைத்து எழுந்த நோயாளியே நடந்து ஏறுவதும் உண்டு. போதாததற்கு, தரிசனம் முடியும் வரை சாப்பிடக் கூடாது என்று ஒரு வைராக்கியம். காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு ஏறினால் ஆயிரமாவது படியில் ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். கை நடுங்கும், கண் இருளும், குளிர்ந்து வியர்க்கும். பக்தியின் பரவசம் என்று அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்ளவும் கூடும். நெஞ்சின் நடுவில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, அளவுக்கு மிஞ்சிய வியர்வை ஆகியவை வந்தால் இன்னும் நூறு படிதானே என்று நினைக்கவே கூடாது.

ஓட்டக்காரர்களிடமிருந்து வாங்க வேண்டிய பாடம் இதுதான். நல்ல பயிற்சியாளர் முதல் நாளிலேயே சொல்லிவிடுவார்: பந்தயத்தைப் பாதியில் விடுவது பந்தயத்தின் ஒரு பகுதி. உலகச் சாம்பியன்கள்கூட வழியில் நின்று வண்டியேறியிருக்கிறார்கள். அடுத்த பந்தயத்துக்கு உடம்பு மிஞ்ச வேண்டும் என்பதுதான் கணக்கு. ஓட்டக்காரர்களிலும் எல்லோரும் இதைக் கேட்பதில்லை. நண்பர்களிடம் முன்கூட்டியே பெருமையடித்துவிட்டவர், காய்ச்சலோடும் முழங்கால் வீக்கத்தோடும் ஓடித் தீர்க்கிறார். வேண்டுதலைச் சாமியிடம் வைத்தவரைவிட இவர் நிலைமை மோசம். நண்பர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

சாமியிடம் வைத்ததை நிறுத்துவது எப்படி? பாதையின் சொந்த வரலாற்றைப் பார்த்தால் அது அவ்வளவு கண்டிப்பானதாகத் தெரியவில்லை. மலையை மிதிக்கக் கூசிய ராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு. மோகாள்ள மிட்டாவில் அவருக்குச் சந்நிதி இருக்கிறது. அதே இடத்தில் இன்னொரு கதையும் சொல்கிறார்கள். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகள் பாடிய தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் எட்டு வயதில் தனியாக மலையேறி வந்தார். அங்கே வந்ததும் முடியவில்லை. பசியோடு படுத்துத் தூங்கிவிட்டார். கனவில் வயதான பெண்ணாக வந்த தாயார், காலில் இருக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு என்று சொல்லிச் சாப்பாடும் கொடுத்தாராம். முடியாமல் படுத்த சிறுவனைத் தாயார் கோபிக்கவில்லை. வெறும் வயிற்றோடு ஏறச் சொல்லவுமில்லை. உபவாசமிருந்து ஏறுகிறவர்களுக்கு இந்தக் கதையை யாராவது காளி கோபுரத்தில் எழுதிவைக்கலாம்.

வழியெங்கும் மண்டபங்களைக் கட்டி வைத்தவர்களும் உட்காருவதற்காகத்தான் கட்டினார்கள். 1944-இல் முதல் மலைச்சாலை திறக்கும் வரை, ஏற முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அவர்கள் புண்ணியத்தில் குறைந்துவிட்டதாக யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று பாதை சாலையைத் தொடும் இடங்கள் இருக்கின்றன. பாதையிலேயே மருத்துவ உதவியும் உண்டு. குழுவாகப் போவது இதற்கும் உதவும். 2023 ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அலிபிரிப் பாதையில் சிறுத்தை கொன்ற பிறகு, கூட்டமாகச் சேர்ந்து நடக்கச் சொல்லி அறிவுறுத்தினார்கள். கையில் தடியும் கொடுத்தார்கள். கூட்டத்தின் வேகம் என்பது கடைசியில் வருபவரின் வேகம். முன்னே போன மகன் திரும்பிப் பார்த்து, அம்மா எங்கே என்று எண்ணிக்கை எடுக்கும்போது அவனுக்கும் ஓய்வு கிடைக்கிறது.

ஏறி முடித்தவுடன் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு: அசையாமல் நிற்பது. கால் தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தை இதயத்துக்கு மேலே தள்ளிவிடுகின்றன. திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். பந்தய எல்லையைத் தாண்டியதும் ஓட்டக்காரர்களை உட்கார விடாமல் பத்து நிமிடமாவது நடக்கச் சொல்வது இதனால்தான். திருமலையில் நடக்க இடமிருக்கிறது. மொட்டை போட, குளிக்க, பையை வாங்க என்று அலைச்சலும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வரிசை. மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தால் குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருப்பது நல்லது. பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

வலி அன்றைக்கு வராது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். அதிலும் தொடையின் முன்பக்கத் தசையை ஏற்றத்தைவிட இறக்கமே அதிகம் காயப்படுத்துகிறது. நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் தசை நார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. அலிபிரியில் தலையேறு குண்டு என்ற பாறையில் தலையையும் முழங்காலையும் தேய்த்துவிட்டு ஏறினால் வலி வராது என்பது நம்பிக்கை. தேய்த்தவர்களும் தேய்க்காதவர்களும் இறங்குவதற்குப் பேருந்தையே நாடுகிறார்கள். அது புத்திசாலித்தனம்தான்.

மறுநாள் சித்தூர் பேருந்து நிலையத்தில், திருப்பதியிலிருந்து வரும் வண்டிகளின் வாசலைக் கவனித்தால் அடையாளம் கண்டுவிடலாம். மொட்டைத் தலையோடு, ஒரு கையில் லட்டுப் பையும் மறு கையில் கம்பியுமாக, நண்டு போலப் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவார்கள். கீழே நிற்கும் கண்டக்டர், "மெதுவா, மெதுவா" என்பார். மொத்தம் மூன்று படி.